பந்து களிச்சா சோறு கிட்டுமா?

1936இல் கிளாஸ்கோ நகரில் எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. ஓர் இந்தியரின் வெறுங்காலுக்கு ஐம்பத்தைந்து வயதான ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். காலை நீட்டியிருப்பவர் கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் அணியின் முகமது சலீம். கட்டுப் போடுகிறவர் செல்டிக் அணியின் பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி. ஐரோப்பிய அணியொன்றுக்கு பூட்ஸ் இல்லாமல் ஆடிய இந்தியர் என்று சலீமைப் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். கட்டுப் போட்டவரை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. என் கண் அவர்மீதுதான் நிற்கிறது. இருவர் காலிலும் வித்தை இருந்தது. ஒருவர் அதை வைத்தே வயதாகும்வரை சாப்பிட்டார். மற்றவர் சில வாரங்களில் ஊருக்குக் கப்பலேறிவிட்டார்.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் சாயங்காலம் பந்தோடு கிளம்பும் பையனைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் கேட்பதும் இதைத்தான்: "பந்து களிச்சா சோறு கிட்டுமா மக்கா?" கேலியாகக் கேட்டாலும் அது பொருளாதாரக் கேள்வி. கால்பந்தாட்டக்காரனின் வாழ்க்கை வரலாறு என்றால் நாம் கோல்களையும் கோப்பைகளையும் எண்ணுகிறோம். அவனுக்கு யார் கூலி கொடுத்தார்கள், எத்தனை வருடம் கொடுத்தார்கள், முட்டி போனபிறகு யார் பார்த்தார்கள் என்று எண்ணினால் வேறொரு வரலாறு கிடைக்கிறது.

மெக்மெனமியிலிருந்தே தொடங்கலாம். 1880இல் கிளாஸ்கோவை ஒட்டிய ரதர்கிளென் ஊரில் பிறந்தவர். உள்ளூர் ரதர்கிளென் கிளென்கெய்ர்ன் அணியில் ஆடிக்கொண்டிருந்தவரை 1902இல் செல்டிக் எடுத்துக்கொண்டது. பதினெட்டு வருடம் அங்கேயே ஆடினார். 1905 முதல் 1910 வரை செல்டிக் தொடர்ச்சியாக ஆறு முறை ஸ்காட்டிஷ் லீகை வென்றபோது முன்வரிசையில் இருந்தவர். மொத்தம் 11 லீக் பட்டங்கள், 6 ஸ்காட்டிஷ் கோப்பைகள், நாட்டுக்காக 12 ஆட்டங்கள். ஆட்டத்தின் போக்கைத் தன் கையில் வைத்திருந்தார் என்பதால் 'நெப்போலியன்' என்று பட்டப்பெயர். 1920இல் வயதாகிவிட்டது என்று செல்டிக் விடுவித்ததும் பார்ட்டிக் திசில் என்ற சிறிய அணிக்குப் போனார். மறு வருடமே அந்த அணி ரேஞ்சர்ஸை 1-0 என்று தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது. அப்போது அவருக்கு வயது 40. 1934இல் செல்டிக்குக்குப் பயிற்சியாளராகத் திரும்பி 1940 வரை இருந்தார். மகன்களில் இருவர் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆனார்கள். தச்சன் மகன் தச்சனாவதுபோல அந்த வீட்டில் பந்து ஒரு குலத்தொழிலாகவே ஆகியிருந்தது.

அது எப்படி முடிந்தது? 1870களில் ஸ்காட்லாந்திலும் பந்தாட்டம் கனவான்களின் பொழுதுபோக்குதான். 1867இல் தொடங்கிய குவீன்ஸ் பார்க் அணி, ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுப்பது இழிவு என்று கருதி, 2019 வரை அந்தக் கொள்கையை விடவில்லை. ஆனால் 1878இல் ஃபெர்கஸ் சூட்டர் என்ற கல்கொத்தர் கிளாஸ்கோவிலிருந்து லங்காஷயரின் டார்வன் ஊருக்குப் போனார். அங்கே கல் கொத்துவதை விட்டுவிட்டுப் பந்தடிப்பதை மட்டும் செய்தார். அடுப்பு எரிந்தது. கூலி எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. சூட்டரைப் போல நூற்றுக்கணக்கான ஸ்காட்லாந்துக்காரர்கள் தெற்கே போனார்கள். தலைகுனிந்து பந்தோடு ஓடுவதுதான் அன்றைய இங்கிலாந்து ஆட்டம். இவர்கள் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்து ஆடினார்கள். அதனால் 'ஸ்காட்லாந்துப் பேராசிரியர்கள்' என்று பெயர் வந்தது. மறைத்துக் கொடுத்த கூலியை 1885இல் இங்கிலாந்து சட்டபூர்வமாக்கியது. ஸ்காட்லாந்துக்கு இன்னும் எட்டு வருடம் பிடித்தது, 1893இல்தான் ஒத்துக்கொண்டது.

இதற்குப் பின்னால் ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத மூன்று விஷயங்கள் இருந்தன. ஆலைகளுக்குச் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை கிடைத்தது. வாரக்கூலி கையில் இருந்தது. டிராம் வண்டி மைதானத்து வாசல்வரை கொண்டுபோய் விட்டது. கப்பல் கட்டுகிறவனும் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டுகிறவனும் சில பென்ஸ் கொடுத்து உள்ளே வந்தான். 1908இல் ஹாம்ப்டன் பார்க்கில் ஸ்காட்லாந்து-இங்கிலாந்து ஆட்டத்தைப் பார்க்க 1,21,000 பேருக்கு மேல் வந்தார்கள். மெக்மெனமிக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் இவர்கள்தான். அரசும் கொடுக்கவில்லை, ராஜாவும் கொடுக்கவில்லை. கூட்டத்துக்கு ஏற்ற இடம் கட்டவும் தெரியாத காலம் அது. 1902 ஏப்ரலில் ஐப்ராக்ஸ் மைதானத்தின் மரத்தட்டி முறிந்து 25 பேர் செத்தார்கள். ஆட்டம் நிற்கவில்லை என்பது இன்னும் கொடுமை.

செல்டிக் அணியின் பிறப்பைக் குமரிக் கடற்கரைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அயர்லாந்துப் பஞ்சத்துக்குப் பிறகு கிளாஸ்கோவின் கிழக்குச் சேரிகளில் வந்து ஒண்டிய கத்தோலிக்க ஏழைகளின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் திரட்டுவதற்காக, வால்ஃப்ரிட் என்ற துறவி 1887இல் ஒரு கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டுத் தொடங்கியது அந்த அணி. பங்குக் கோயில் அணிதான், நம்மூர் பாஷையில் சொன்னால். பத்தே வருடத்தில் அது பங்குகள் விற்கும் கம்பெனியானது. சாப்பாட்டுக்கான நன்கொடை மெலிந்து, ஆட்டக்காரர் சம்பளம் பெருத்தது என்று அப்போதே குறை சொன்னவர்கள் உண்டு.

இதையெல்லாம் பொற்காலம் என்று எழுதிவிடக் கூடாது. 1901இலிருந்து இங்கிலாந்தில் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் எந்த ஆட்டக்காரனுக்கும் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு. கைவினைத் தொழிலாளியின் கூலியைவிட அதிகம்தான், ஆனால் எத்தனை பெரிய ஆட்டக்காரனானாலும் அதற்கு மேல் கிடையாது. அந்த உச்சவரம்பு போக 1961 ஆயிற்று. அதைவிடக் கெட்டது பதிவு முறை. ஒப்பந்தம் முடிந்தாலும் அணி விரும்பாவிட்டால் ஆட்டக்காரன் வேறெங்கும் போக முடியாது. சம்பளமும் கொடுக்காமல் ஆளையும் விடாமல் வைத்திருக்கலாம். இதை எதிர்த்து 1907இல் மான்செஸ்டரில் சங்கம் தொடங்கினார்கள். முன்னின்ற பில்லி மெரடித் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத்தில் வேலை செய்தவர். சங்கம் நடத்துவது எப்படி என்று ஆட்டக்காரர்கள் மைதானத்தில் கற்றுக்கொள்ளவில்லை, சுரங்கத்திலிருந்து கொண்டுவந்தார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வாக்கர் என்ற ஆட்டக்காரரின் வழக்கு. கிரிஸ்டல் பேலஸ் அணிக்கு ஆடும்போது முட்டியில் அடி. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி பணம் கேட்டார். பந்தடிப்பது விளையாட்டு, வேலை அல்ல, ஆகவே அவர் தொழிலாளி அல்ல என்றது அணி. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சம்பளம் வாங்குகிறார், முதலாளி சொன்ன நேரத்துக்கு வருகிறார், சொன்னபடி உடம்பை வைத்துக்கொள்கிறார், பிறகு தொழிலாளி இல்லாமல் வேறென்ன என்று தீர்ப்பு வந்தது. 1910இன் சட்ட அறிக்கையில் அது இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய முட்டி அது. அதே மாதிரி ஒரு முட்டி நம் கரையிலும் உண்டு, பின்னால் வருகிறேன்.

முதல் உலகப்போர் வந்ததும் இந்தத் தொழில் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்று தெரிந்தது. வாரச் சம்பளம் 1 பவுண்டுக்கு இறங்கியது. ஆட்டக்காரர்கள் வாரம் முழுக்கச் சுரங்கத்திலோ ஆயுதத் தொழிற்சாலையிலோ வேலை செய்துவிட்டுச் சனிக்கிழமை பந்தடித்தார்கள். வார நாள்களில் ஆட்டம் வைக்கக் கூடாது என்பதால் 1916 ஏப்ரல் 15 அன்று செல்டிக் ஒரே நாளில் இரண்டு லீக் ஆட்டங்கள் ஆடி இரண்டையும் வென்றது. எடின்பரோவின் ஹார்ட்ஸ் அணி பட்டியலில் முதலிடத்தில் இருந்தபோதே ஆட்டக்காரர்கள் கூட்டமாகப் படையில் சேர்ந்தார்கள். ஏழு பேர் திரும்பி வரவில்லை.

இந்தச் சூழலிலிருந்து வந்த மெக்மெனமியின் முன்னால்தான் சலீம் காலை நீட்டினார். 1934இல் கல்கத்தா லீகை வென்ற முதல் இந்திய அணி முகமதன் ஸ்போர்ட்டிங். 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. அந்த அணியின் வலப்புற ஆட்டக்காரர் சலீம். கிளாஸ்கோவில் இருந்த அவருடைய உறவினர் ஹாசீம் என்பவர்தான் செல்டிக்கின் மேலாளர் வில்லி மேலியிடம் போய், கல்கத்தாவிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், பூட்ஸ் போடமாட்டார், பார்க்கிறீர்களா என்று கேட்டது. மேலி முதலில் சிரித்தாராம். ஆட்டத்தைப் பார்த்தபிறகு இரண்டாம் அணியில் இறக்கினார். கால்ஸ்டன் அணியை 7-1 என்றும், ஹாமில்டன் அணியை 5-1 என்றும் செல்டிக் வென்றது. ஹாமில்டனுக்கு எதிரான ஆட்டத்தில் சலீம் பெனால்டியில் ஒரு கோல் போட்டார். பத்திரிகைகள் அவரை இந்திய வித்தைக்காரர் என்று வர்ணித்தன. பாராட்டுதான், ஆனால் சர்க்கஸ்காரரைப் பாராட்டுகிற பாராட்டு. செல்டிக் இருக்கச் சொன்னது. அவருக்கு ஊர் ஞாபகம் தாங்கவில்லை, திரும்பிவிட்டார். ஓர் ஆட்டத்தின் வசூலில் பங்கு தருவதாகச் சொன்னபோது அதை அனாதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார் என்றும் கதை உண்டு.

வீட்டு ஏக்கம் என்று மட்டும் இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. சலீமின் மனசில் பந்தாட்டத்துக்கும் சம்பளத்துக்கும் முடிச்சே கிடையாது. கல்கத்தாவில் அப்படி ஒரு முடிச்சை யாரும் போட்டிருக்கவில்லை. நம் நாட்டுக்குப் பந்தைக் கொண்டுவந்தவர்களில் ஸ்காட்லாந்துப் படைவீரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1888இல் சிம்லாவில் நடந்த முதல் டூரண்ட் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மோதிய இரண்டு அணிகளும் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகள்தான். ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ் ஹைலேண்ட் லைட் இன்ஃபென்ட்ரியை 2-1 என்று வென்றது. ஆடியது ஆலைத் தொழிலாளியின் மகன். ஆனால் கோப்பையும் சங்கமும் விதிமுறையும் அதிகாரிகள் கையில். கூலி வாங்கி ஆடுவது கேவலம் என்ற குவீன்ஸ் பார்க் மனோபாவம்தான் கப்பலேறி நமக்கு வந்தது. கிளாஸ்கோவின் சனிக்கிழமை வாரக்கூலி வரவில்லை.

1911 ஜூலை 29 அன்று ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்த மோகன் பகான் ஆட்டக்காரர்களும் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்தவர்கள், ஆசிரியர்கள். அந்த அணியில் பூட்ஸ் போட்டவர் ஒரே ஒருவர், சுதிர் சாட்டர்ஜி. பவானிப்பூரில் லண்டன் மிஷன் கல்லூரியில் பாடம் சொன்னவர். நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் வைத்த அதே மிஷன். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸிடம் 1-2 என்று தோற்ற இந்திய அணியிலும் பலர் வெறுங்காலோடுதான். நாம் போட்ட ஒரே கோல் சாரங்கபாணி ராமன் அடித்தது. தடுப்பில் நின்ற திருவல்லா பாப்பன், குமரி மாவட்டமும் சேர்ந்திருந்த அன்றைய திருவிதாங்கூரிலிருந்து பம்பாய் போய் ஆடியவர். இவர்கள் யாரும் தங்களைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று சொல்லிக்கொண்டதில்லை.

இந்தியா கண்டுபிடித்த வழி வேறு: ஆட்டத்துக்குக் கூலி இல்லை, ஆடுகிறவனுக்கு வேலை உண்டு. ரயில்வே, துறைமுகம், சுங்கம், வங்கி, காவல்துறை, மின்வாரியம் என்று ஒவ்வொன்றும் அணி வைத்தது. சென்னையில் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி. திருவனந்தபுரத்தில் டைட்டானியம், ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர். கேரள போலீஸ் அணி 1990, 1991 இரண்டு வருடமும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றபோது அதில் ஆடியவர்கள் நிஜமான போலீஸ்காரர்கள். ஐ.எம்.விஜயன் திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன். அவருக்கு வந்த முதல் நிலையான வருமானம் போலீஸ் சம்பளம்தான், கோல் சம்பளம் அல்ல.

நடைமுறை எளிது. தேர்வுக்குக் கூப்பிடுவார்கள், நன்றாக ஆடினால் கடைநிலைப் பணியிலோ எழுத்தர் பணியிலோ நியமன உத்தரவு வரும். காலையில் பயிற்சி, மதியத்துக்குமேல் அலுவலகம். போட்டிக் காலத்தில் முழு விடுப்பு. முப்பத்திரண்டு வயதில் ஆட்டம் ஓயும், நாற்காலி ஓயாது. பதவி உயர்வு, வைத்தியச் செலவு, ஓய்வூதியம் எல்லாம் வரும். இதைக் கால்பந்து விமர்சகர்கள் திட்டித் தீர்ப்பார்கள். வேலை நிச்சயமானதும் பசி போய்விடுகிறது, இருபத்தைந்து வயதில் தொப்பை விழுகிறது, நல்ல ஆட்டக்காரன் நாலாம்தர லீகில் முடங்குகிறான் என்பார்கள். உண்மைதான். ஆனாலும் நான் அந்தப் பக்கம் முழுதாகச் சாயமாட்டேன். கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்த பையனுக்கு அன்று கிடைத்த ஒப்பந்தங்களில் இதைவிடச் சிறந்தது எதுவும் கிடையாது. வாக்கர் நீதிமன்றம் போய் வாங்கிய பாதுகாப்பை ஐ.சி.எஃப். வேலை கேட்காமலே கொடுத்தது.

1997இல் கொச்சியில் தொடங்கிய எஃப்.சி. கொச்சின் இதை உடைக்கப் பார்த்தது. முழுக்கச் சம்பளத்துக்கு ஆடும் அணி, வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், அதே வருடம் டூரண்ட் கோப்பை. பலர் நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். 2002இல் அணி மூடியது, சம்பளப் பாக்கியோடு. தென்கேரளத்திலும் குமரியிலும் ஒரு தலைமுறை அப்பாக்கள் இதைப் பார்த்தார்கள். அவர்கள் பிள்ளைகளிடம் ரயில்வே வேலைக்கு எழுதிப்போடச் சொன்னதில் என்ன தவறு?

குமரியில் பந்து என்றால் மேற்குக் கடற்கரைதான். நீரோடி, மார்த்தாண்டந்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று அடுத்தடுத்து எட்டு ஊர்கள், ஒட்டிக்கொண்டே கிடப்பவை. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறா பிடிப்பவர்கள். திருச்சபை நிர்வாகத்தில் இவை திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை நீரோடிக்கும் பொழியூருக்கும் நடுவே விழுந்தது. இரண்டு ஊருக்கும் ஒரே கடல், ஒரே தொழில், ஏறக்குறைய ஒரே பேச்சு. பொழியூர்க்காரன் கேரளத்துக்கு ஆடுகிறான். மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் டிராஃபியைக் கேரளம் ஏழு முறை வென்றிருக்கிறது, 2018இல் கல்கத்தாவில் வென்ற அணியில் பொழியூர்ப் பையன்கள் இருந்தார்கள். நீரோடிக்காரன் தமிழ்நாட்டுக்கு ஆட வேண்டும். தமிழ்நாடு ஒருமுறைகூட வென்றதில்லை, தேர்வு நடக்கும் சென்னை 700 கி.மீ.க்கு அப்பால். திருவனந்தபுரம் பஸ்ஸில் ஒரு மணி நேரச் சொச்சம். ஒரு கோடு கிழித்ததில் எத்தனை கால்கள் வீணாயின என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

கிளாஸ்கோவோடு இந்தக் கரையை ஒப்பிட்டால் சில விஷயங்கள் அப்படியே பொருந்துகின்றன. பங்குக் கோயில் இருக்கிறது. அதைச் சுற்றி வாலிபர் சங்கம். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்ற வழக்கம். ஊர்த் திருவிழாவை ஒட்டிப் போட்டி, எதிரூர்ப் பகை, கூட்டம். ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்துக்கு வெளியூர் ஆட்டக்காரரை ஆட்டக்கூலி பேசிக் கூட்டிவருவதும் உண்டு, மலபாரில் இருப்பதைப் போல. ஆக, 1880களின் லங்காஷயர் இங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது: எல்லோருக்கும் தெரிந்த, யாரும் எழுதிவைக்காத கூலி. வராதது அடுத்த படி. பங்கு அணி நிரந்தர அணியாகி, டிக்கெட் விற்று, லீகில் ஏறி, தன் ஊர்ப் பையனுக்கு வருடம் முழுக்கச் சம்பளம் கொடுக்கும் நிலை. கூட்டம் வருடத்தில் சில நாள் வருகிறது. பாதி ஆண்கள் கடலில் இருக்கும் ஊரில் வாராவாரம் மைதானத்தை நிரப்ப முடியாது. விளையாடும் மணலையும் கடல் அரித்துக்கொண்டு போகிறது. தடுப்புக்கல் போட்ட இடத்தில் எப்படிப் பந்து உருட்டுவது?

எங்கள் மலையோரம் வேறு மாதிரி. திற்பரப்பு, குலசேகரம், பேச்சிப்பாறை பக்கமெல்லாம் ரப்பர். விடியுமுன் தலையில் விளக்கோடு மரம் சீவப் போகிறவர்கள் மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். சாயங்காலம் முழுக்கக் கையில் இருக்கிறது, கிளாஸ்கோ சனிக்கிழமையைவிட அதிக நேரம். இருந்தும் இங்கிருந்து பெரிய ஆட்டக்காரர் வரவில்லை. காரணம் சாதாரணமானது: சமதரை கிடையாது. இருக்கும் சமதரையிலும் யாரோ ரப்பர் நட்டிருப்பார்கள். கோதையாற்றின் கரை முழுக்கப் பாறை. ஆகவே சின்ன இடம் போதுமான வாலிபால்தான் இங்கே வேரூன்றியது. ஓட்டத்துக்குக் குறைவில்லை. சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவாலயங்களுக்கு 100 கி.மீ.க்கு மேல் ஓடுகிற ஊர், திற்பரப்பு மகாதேவர் கோயில் அதில் மூன்றாவது நிறுத்தம். ஆனால் அது நேர்த்தி. அதற்குக் கூலி கேட்டால் மகாதேவர் கோபித்துக்கொள்வார்.

இந்தக் கரையின் முழுக் கதையையும் ஒரே ஆளின் வாழ்க்கையில் பார்க்கலாம். மைக்கேல் சூசைராஜ், 1994இல் பிறந்தவர், இரவிபுத்தன்துறை. சென்னை சிட்டி அணிக்கு, தேசிய அளவிலான ஐ-லீகில் ஆடி 2017-18 பருவத்தில் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் விருது வாங்கினார். அந்தப் பருவம் தொடங்கிய சில நாள்களில்தான் ஒக்கிப் புயல் வந்து அவருடைய ஊரையும் அக்கம்பக்கத்தையும் சூறையாடியது. 2018இல் ஜாம்ஷெட்பூர் அணி, 2019இல் கல்கத்தாவின் ஏ.டி.கே. அணி. அதே வருடம் தாய்லாந்தில் கிங்ஸ் கோப்பைக்குப் போன இந்திய அணியில் இடம். 2020 மார்ச்சில் ஏ.டி.கே. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை வென்றது. கொரோனாவால் பார்வையாளரே இல்லாத இறுதி ஆட்டம். எட்டு மாதம் கழித்து, 2020 நவம்பர் 20, பாம்போலிமில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம். முதல் கால் மணி நேரத்துக்குள் முட்டி போய்விட்டது. முட்டித் தசைநார் கிழிந்து அந்தப் பருவம் முழுக்க வெளியே. பிறகு ஒடிசா அணிக்குப் போனார். ஆனால் இருபத்தாறு வயதில், உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது விழுந்த அந்த இடைவெளியை எந்த ஒப்பந்தமும் திருப்பித் தராது.

மெக்மெனமிக்குப் பதினெட்டு வருடம் ஒரே அணி. சூசைராஜுக்கு ஐந்தாறு வருடத்தில் நான்கு அணி. சம்பளத்தில் சூசைராஜின் தலைமுறை அன்றைய கிளாஸ்கோவைவிடப் பலமடங்கு மேல், பதிவு முறையின் அடிமைத்தனமும் இல்லை. உறுதி மட்டும் குறைவு. அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் சென்னை சிட்டிக்கு ஆடியவர். அந்த அணி 2018-19இல் ஐ-லீகையே வென்றது, கோயம்புத்தூரில் கடைசி ஆட்டம் வரை போய். இரண்டு வருடத்தில் கீழே இறங்கி ஆட்டத்திலிருந்தே மறைந்தது. செல்டிக்குக்கு 130 வருடத்துக்கு மேல் வயது. ஒரு சாம்பியன் அணி இரண்டு வருடத்தில் காணாமல் போகும் ஊரில் ஆட்டக்காரனின் தொழில்வாழ்க்கை என்று எதைச் சொல்வது?

பெண்கள் ஆட்டத்தில் பழைய வழியே இன்னும் ஓடுகிறது. இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். லீக் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்தச் சொன்னால் அவர் நிலைமை என்னவாகியிருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். இங்கிலாந்துச் சங்கம் 1921இல் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடைபோட்டது. அதன் விலையை உலகம் முழுக்கப் பெண்கள் இன்றும் கட்டுகிறார்கள்.

2014இல் ஐ.எஸ்.எல். வந்தபோது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. அகில இந்தியக் கால்பந்துச் சங்கம் தன் வணிக உரிமையை 2010இல் 15 வருடத்துக்கு 700 கோடி ரூபாய்க்கு ஒரு நிறுவனக் கூட்டுக்குக் கொடுத்திருந்தது. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிப்பதில் இழுபறி. 2025 ஜூலையில், அடுத்த பருவத்தை நிறுத்திவைக்கிறோம் என்று லீக் நடத்துகிறவர்கள் அறிவித்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு அணி ஆட்டக்காரர் சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் அணியும் தன் நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. மைதானத்துக்கு வரும் கூட்டத்தை நம்பி எழுந்த தொழில் கிளாஸ்கோவினுடையது. போர்கூட அதை ஒரு பவுண்டுக்கு இறக்கியதே தவிர நிறுத்தவில்லை. தொலைக்காட்சி உரிமையையும் முதலாளியின் பொறுமையையும் நம்பி எழுந்தது நம்முடையது. ஒரு கையெழுத்து தாமதமானதும் நின்றது. இதற்கு ஆட்டக்காரனின் திறமையைக் குறை சொல்ல முடியாது, பயிற்சியையும் சொல்ல முடியாது.

இன்னொரு கணக்கும் கரைக்கு வந்து சேரவில்லை. ஒரு ஆட்டக்காரன் பணம் கொடுத்து ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு அணிக்கு வாங்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தை, 12 வயதிலிருந்து 23 வரை அவனை வளர்த்த அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. ஐரோப்பாவில் சின்ன ஊர் அணிகள் இந்தப் பணத்தில் புல்தரை போட்டிருக்கின்றன. தூத்தூர் வட்டாரத்தில் பையனை வளர்ப்பது பங்கு வாலிபர் சங்கம். அதன் பெயர் கால்பந்துச் சங்கத்தின் பதிவேட்டில் இருந்தால்தான் அது அணி. இல்லாவிட்டால் அந்தப் பன்னிரண்டு வருடமும் பையன் எங்கும் ஆடவேயில்லை என்று பொருள். நம் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் ஒப்பந்தம் முடிந்தபின் உள்நாட்டுக்குள்ளேயே மாறுகிறவர்கள், அங்கே மாற்றுத்தொகையும் இல்லை. ஒன்றுமில்லாததில் 5 சதவீதம் எவ்வளவு என்று குமரிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் முதலில் கேட்பது பெரிய மைதானத்தை அல்ல, அகாதமியையும் அல்ல. அந்த எட்டு ஊர்ச் சங்கங்களையும் மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் அணிகளாகப் பதிவு செய்து, பன்னிரண்டு வயதுப் பையனின் பெயரை அந்த வருடமே ஏட்டில் ஏற்ற வேண்டும். நீரோடிக்கும் பொழியூருக்கும் நடுவே எல்லை தாண்டிய ஒரு லீக் இரண்டு மாநிலச் சங்கங்களும் கையெழுத்துப் போட்டால் நடக்கும். கடலோரத்தில் காயத்துக்கான காப்பீடு என்றால் படகுக்கு எடுப்பதுபோல முட்டிக்கும் எடுக்கலாம். அதுவரை கரைப் பையன்கள் ஐ.எஸ்.எல். தேர்வுக்கும் போவார்கள், ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்பு எப்போது வருகிறது என்றும் செல்போனில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அப்பாக்கள் இரண்டாவதற்குத்தான் விண்ணப்பக் கட்டணம் கொடுப்பார்கள்.